செத்தவீட்டுக்கு என்ன ரிக்கற்?

சேசு மரி சூசை துணை

மில்லிக்கன், ரொறன்ரோ
நன்றியறிதல் விடுமுறை முடிந்த செவ்வாய்

அன்புள்ள மனைவி றோசலின் அறிவது,

இங்கே நானும், நீர் விட்டுப்போன கறிவேப்பிலைச் சாடியும், கீழ்த்தளத்து ஹீற்றரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே லண்டனில் நீரும், நம் மகள் நிரூபாவும், மருமகன் ஜெனோசனும், பேரனும் எங்களைவிடச் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீர் கேட்பீர். போனில் நான் பார்ப்பது பேரனின் நெற்றியை மட்டும்தான். நீர் போனை அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு "அம்மப்பாவைப் பார், அம்மப்பாவைப் பார்" என்று சொல்கிறீர். அவன் என்னைப் பார்ப்பதில்லை, நான் உம்மைப் பார்ப்பதில்லை, பின்னால் மருமகன் குசினியில் பாத்திரம் கழுவுகிறார். இதற்குள் மனிதன் என்ன கதைக்கலாம்?

போன கிழமை நிரூபா, "அப்பா, அம்மாவின்ர பிளேன் ரிக்கற்றைத் தை மாசத்துக்கு மாத்தட்டே? பிள்ளையின்ர ஞானஸ்நானமும் அந்த மாசமே முடிஞ்சிடும். நீங்கள் ஓகே தானே?" என்று கேட்டாள். நீர் பின்னால் நின்று, "அப்பாவின்ர விருப்பம் என்னெண்டு கேள்" என்றீர். அதற்குள் பேரன் வீரிட்டான், போன் கவிழ்ந்தது, நான் உங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடி மாதக் கடைசியில் போன நீர் புரட்டாதியில் வருவதாக இருந்தது. பிறகு அது ஐப்பசிக் கடைசியானது. இப்போது தை. என் விருப்பத்தைக் கூரையிடம் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுத்தில் தருகிறேன். என் விருப்பம் என்னவென்றால், நீர் தாராளமாக நில்லும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அதற்கு அத்தாட்சியாக இந்த விடுமுறையில் நான் போய்வந்த உல்லாசப் பயணத்தைப்பற்றி எழுதுகிறேன்.

பயணத்துக்கு என்னை அழைத்தவர்கள் அஜக்ஸில் இருக்கும் உம்முடைய தம்பி கிளிபோட்டும் அவன் மனைவி பேர்ணடெற்றும். நான் தனியே வீட்டில் கிடந்து வாடுவதாக யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் வாடவில்லை. கிளிபோட் சனிக்கிழமை விடிய வருவதாகச் சொன்னான். உம்முடைய தம்பியின் விடியல் எப்போது வரும் என்பது உமக்குத் தெரியும். நான் கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு யன்னலில் காத்திருந்தேன், வெயில் ஏறி வாசற்படி காய்ந்த பிறகுதான் வான் வந்தது. வந்ததும் பேர்ணடெற் நேரே குசினிக்குள் போய் பிறீசரைத் திறந்தாள். வானில் ஏற்கெனவே ஒரு பானை இடியப்பம், சொதி, சம்பல், றோல்ஸ், ஒரு ரைஸ் குக்கர் எல்லாம் இருந்தன. இருந்தும் அவளுக்குப் போதவில்லை. "அண்ணை, மச்சாளின்ர கணவாய்க் கறி ஒரு பெட்டி கிடக்கு, எடுத்துக்கொண்டு போவமே?" என்று கேட்டாள். நான் அவள் கையில் இருந்து அந்தப் பெட்டியைப் பறித்துத் திரும்ப உள்ளே வைத்துக் கதவையும் மூடிவிட்டேன். அவள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். பயணத்தில் கணவாய் வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லிச் சமாளித்தேன். நீர் சமைத்து வைத்துவிட்டுப் போன கறிகள் இன்னும் இருக்கின்றன, நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் போன ஊரின் பெயர் போர்ட் அலிசன். ஹியூறன் வாவிக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் விக்ரோறியா மகாராணி காலத்தில் கட்டிய வீடுகள். கூரை விளிம்பெல்லாம் மரத்தில் பின்னல் வேலை, பீடத்துணிக்கு நீர் பின்னுகிற லேஸ் மாதிரி. வீட்டுக்கு ஒரு கோபுரம், கோபுரத்துக்கு ஒரு காற்றுச்சேவல். மேப்பிள் மரங்கள் சிவந்துபோய் நின்றன. கிளிபோட் எல்லாவற்றையும் படம் எடுத்தான். எடுத்த எல்லாப் படத்திலும் அவனே நின்றான். நீர் வந்திருந்தால் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, "உந்தப் பெரிய வீட்டுக்குப் பனிக்காலத்தில ஹீற்றிங் என்ன வருமோ?" என்று கேட்டிருப்பீர். ஒருவரும் கேட்காததால் நானே கேட்டேன். கிளிபோட்டுக்கு மறுமொழி தெரியவில்லை. உமக்கும் தெரிந்திருக்காது, ஆனால் நாம் இரண்டு பேரும் தெரு முடியும்வரை அதைக் கதைத்துக்கொண்டு நடந்திருப்போம்.

தங்கிய விடுதியும் அப்படி ஒரு பழைய வீடுதான். வீட்டுக்காரி நல்ல மனுசி, ஆனால் அறையில் சமைக்கக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தாள். எனக்குத் தந்த கட்டில் நாலு பேர் படுக்கலாம். நான் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் ஒதுங்கித்தான் படுத்தேன். காலையில் ஸ்கோன் என்று பணிஸ் மாதிரி ஒன்று தருவதாகச் சொன்னார்கள். மத்தியானம் சோறு இல்லாவிட்டால் உம்முடைய தம்பிக்குத் தலை சுற்றும் என்பதற்காக, பேர்ணடெற் ரைஸ் குக்கரைக் குளியலறைக்குள் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் கரண்டில் மாட்டினாள். அரிசி கொதிக்க முதல் வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கீழே ஸ்கோன் வெந்துகொண்டிருந்த அவண் அடுப்பும் அணைந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் மாடிப்படியில் நிற்க, வீட்டுக்காரி கவலைப்பட வேண்டாம், இது இந்த வீட்டின் முதல் சொந்தக்காரரின் ஆவி, அடிக்கடி இப்படிச் செய்யும் என்று மற்ற விருந்தினருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளிபோட் தலையை ஆட்டி, தானும் காலையிலிருந்து ஏதோ உணர்ந்ததாகச் சொன்னான். பேர்ணடெற் சிலுவை போட்டுக்கொண்டாள். குக்கர் அப்போது குளியல் தொட்டிக்குள் துவாயால் மூடிக் கிடந்தது. நாங்கள் அரைவேக்காட்டு அரிசியோடு அவசர அவசரமாகக் கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறினோம்.

இனி நான் எழுதப்போவதைக் கிளிபோட் உமக்கு ஏற்கெனவே போனில் சொல்லியிருப்பான், சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பான். அவன் சொன்னதை நம்ப வேண்டாம், நடந்தது இதுதான். அவனும் அவளும் வானை எங்கே நிற்பாட்டுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நான் முன்னால் நடந்தேன். மூலையில் ஒரு பெரிய வீடு. கதவில் கறுப்புத் துணி கட்டி, கறுப்பு ரிபனோடு ஒரு மலர்வளையம் மாட்டியிருந்தது. தெருவெல்லாம் கார். வாசலில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு மனிதர் தலையைக் குனிந்தபடி நின்றார். செத்தவீடு என்று பார்த்ததும் விளங்கிவிட்டது. தெரியாத ஆட்கள்தான், ஆனால் கல்யாண வீட்டுக்குத்தான் அழைப்பு வேண்டும், செத்தவீட்டைத் தாண்டிப் போகிறவன் மனிதனா? நானும் தற்செயலாகக் கறுப்புக் கோட்டோடு நின்றேன். ஆண்டவர் காரணத்தோடுதான் அதைப் போட வைத்தார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே முறை தவறாமல் எல்லாம் செய்திருந்தார்கள். கண்ணாடியைத் துணியால் மூடி, மணிக்கூட்டை நிற்பாட்டி, மெழுகுதிரி கொளுத்தி, நடு அறையில் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டி மூடியிருந்தது. சுற்றிவரச் சனம் வாய் பேசாமல் நின்றது, சில பேர் கட்டைக் காற்சட்டையோடு நின்றார்கள், ஒருவர் கையில் கோப்பி. வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் சரியாக்கும் என்று விட்டுவிட்டேன். நான் பெட்டியடியில் முழந்தாளிட்டு "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று தமிழில் சத்தமாகவே சொன்னேன். சனம் விலகி இடம் விட்டது. பிறகு எழுந்து, கறுப்புச் சட்டை நிலத்தில் இழுபடக் கதிரையில் இருந்த விதவை அம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்தேன். எனக்கு வந்த ஆங்கிலத்தில், என்ன வருத்தம், எப்படி நடந்தது என்று கேட்டேன். புயலில் கப்பல் கவிழ்ந்துவிட்டது என்றார். எப்போது என்று கேட்டேன். போன செவ்வாய் என்றார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். நாலு பேர், கடைசி இன்னும் கைக்குழந்தை என்றார். கப்பல் கொம்பனி ஏதாவது தருமா, வீட்டுக் கடன் கட்ட வழி இருக்கிறதா என்றும் கேட்டேன். அவர் கொஞ்சம் தடுமாறிவிட்டு, ஆண்டவர் விட்ட வழி என்றார்.

நல்ல பதில். நான் அதோடு எழும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் றோசலின், அந்த அம்மாவின் கை குளிர்ந்து கிடந்தது, எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொன்னேன். முதல் கிழமை பரவாயில்லை அம்மா, ஆட்கள் வந்து போவார்கள் என்றேன். பிறகுதான் தேத்தண்ணி போடும்போது கை தானாக இரண்டு கோப்பையை எடுக்கும், ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டி வரும் என்றேன். ரீவியில் ஒரு நல்ல செய்தி போனால் இஞ்சை வாரும், வந்து பாரும் என்று வாய் கூப்பிட்டுவிடும், ஒருவரும் வரமாட்டார்கள் என்றேன். வீட்டில் சண்டை பிடிக்கக்கூட ஆள் இல்லாவிட்டால் மனிதனுக்குச் சொந்தக் குரலே மறந்துபோகும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். சுற்றி நின்ற சனத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஒருவர் படம் எடுத்தார். செத்தவீட்டில் படம் எடுக்கிறானே என்று நான் முறைத்துப் பார்க்கும்போதுதான் உம்முடைய தம்பி வாசலில் தோன்றினான். கையில் மூன்று காகிதத் துண்டு. வீடு அதிரக் கத்தினான்: "அத்தான்! ரிக்கற் எடுக்காமல் உள்ளுக்கு வந்திட்டியள்!"

"செத்தவீட்டுக்கு என்னடா ரிக்கற்?" என்று கேட்டேன்.

"ஐயோ, இது செத்தவீடு இல்லை, மியூசியம்! அந்தக் காலத்தில செத்தவீடு எப்பிடி நடந்தது எண்டு காட்டுகினம். அவ நடிக்கிறா. பெட்டிக்குள்ள ஒருத்தரும் இல்லை!"

அவன் சொல்லி முடிக்கச் சனம் கைதட்டத் தொடங்கிவிட்டது. என்னையும் நடிகன் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த அம்மா மட்டும் கை தட்டவில்லை. என் கையை விடாமல், நீங்கள் நல்லாய் இருக்கிறீர்களா, யாரையும் கூப்பிடட்டுமா என்று மெல்லமாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியேறினேன். செத்தவீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது அல்லவா? வாசலில் நின்ற கறுப்புத் தொப்பிக்காரரோ, கட்டாயம் திரும்ப வாருங்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். செத்தவீட்டில் அதைச் சொல்லக்கூடாது. மற்ற எல்லா இடத்திலும் "வாறன்" என்று சொல்லாமல் போகக்கூடாது. இதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அடுத்த சிக்கல் குளிப்பு. செத்தவீட்டுக்குப் போனவன் தோயாமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது. பேர்ணடெற் றோல்ஸை நீட்டினாள், நான் வேண்டாம் என்றேன். கிளிபோட் தலையில் கை வைத்துக்கொண்டு, "அத்தான், அது வெறும் பெட்டி!" என்றான். பெட்டி பெட்டிதான், செபமும் சொல்லியாகிவிட்டது என்றேன். விடுதிக்குத் திரும்பிப் போக முடியாது, அங்கே பழியை ஆவிமேல் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஆகவே காட்டுக்குள்ளால் இறங்கிக் கரைக்குப் போனோம். ஐப்பசிக் குளிர், காலுக்குக் கீழே ஈர இலை, கரடி வரும் என்று வழியில் ஒரு பலகை. கரடி கேட்டு ஓடட்டும் என்று கிளிபோட் தேவாரமும் இல்லாத, மாதா பாட்டும் இல்லாத ஏதோ ஒன்றைச் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தான். கரைக்கு வந்து பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை, அலையும் அடித்தது. ஆனால் கையில் எடுத்து வாயில் வைத்தால் உப்பில்லை. இவ்வளவு பெரிய தண்ணீர் உப்பில்லாமல் கிடப்பது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையில் அள்ளி அள்ளி ஊற்றினேன். மூச்சு நின்று திரும்ப வந்தது.

அவர்கள் இரண்டு பேரும் வானை எடுத்துவரப் போனார்கள். நான் தலை சொட்டச் சொட்ட அங்கே கிடந்த நீள மர வாங்கில் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு கிழவர் நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இந்த இடத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், நான் வாங்கின் ஒரு ஓரத்தில் இருக்கிறேன். உமக்கும் உம்முடைய கைப்பைக்கும் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவையும் விட்டுவிட்டு இருக்கிறேன். பஸ்ஸிலும் கோயிலிலும் இருந்து பழகிய பழக்கம். ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம், என் மனைவி, அவ வாறா என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். கிழவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்பால் போனார். கரை முடியும்வரை நடந்துவிட்டுத் திரும்ப வந்தார். இடம் அப்படியே கிடந்தது. அவர் அந்த இடத்தைப் பார்த்தார், என்னுடைய நனைந்த தலையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் தோளில் கை வைத்து, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. லண்டனில் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற உமக்கு இந்த மனிதன் அனுதாபம் சொல்லுகிறானே! எழும்பி நின்று, என் மனைவிக்கு ஒன்றுமில்லை, அவவின் ஆயுள் கெட்டி என்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயால் அழுகைதான் வந்தது. அவர் நாயோடு கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். இருக்கவில்லை. உம்முடைய இடத்தில் இருக்காமல் நின்றுகொண்டே இருந்தார், நல்ல மனுசன்.

அவர் போன பிறகு பேர்ணடெற் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். பையை வாங்கில் வைக்கக் குனிந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வைக்கவில்லை. "அண்ணை, மச்சாளுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கிறியளோ?" என்று பகிடிவிட்டாள். பிறகு எனக்கு மற்றப் பக்கம், ஓரத்தில் இருந்த சொற்ப இடத்தில் நெருக்கிக்கொண்டு இருந்து றோல்ஸைப் பிய்த்துத் தந்தாள். கிளிபோட் கல்லில் இருந்தான். அரைவேக்காட்டு அரிசியைக் கரைப் பறவைகளுக்குப் போட்டோம், அவையும் தின்னவில்லை.

ஆகவே பயணம் மிகவும் இன்பமாக நடந்தது என்பதையும், நான் உற்சாகமாகவும் ஒரு குறையில்லாமலும் இருக்கிறேன் என்பதையும் இதனால் அறிந்துகொள்ளும். நீர் தை மாதம்வரை ஆறுதலாக நின்று, மகளையும் பேரனையும் பார்த்து, ஞானஸ்நானமும் முடித்துக்கொண்டு வாரும். நிரூபாவுக்கு என் அன்பு, மருமகனுக்கு என் விசாரிப்பு, பேரனின் நெற்றிக்கு ஒரு முத்தம், அதைத்தானே எனக்குத் தெரியும். மாதா உங்கள் எல்லோரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உம்முடைய அன்புக் கணவர்,
அருள்நாயகம்

பிற்குறிப்பு: இதுவரை எழுதியதை மகளுக்கும் மருமகனுக்கும் வாசித்துக் காட்டும். இனி உள்ளதைக் காட்டவேண்டாம். ரிக்கற்றை மாத்த வேண்டாம். ஐப்பசிக் கடைசிக்கு எடுத்தது அப்படியே இருக்கட்டும். ஞானஸ்நானத்துக்கு நாங்கள் இரண்டு பேருமாய் தை மாசம் போவம். பிறீசருக்குள்ள நீர் சமைச்சு வச்ச கறியெல்லாம் முடிஞ்சு கனநாள், அந்த ஒரு பெட்டிக் கணவாய்தான் மிச்சம். மூடியில உம்மட கையெழுத்துக் கிடக்கு, அதைத் திண்டால் பிறகு ஒண்டும் இல்லை எண்டு நான் கடையில வாங்கின பாணைத் திண்டுகொண்டு இருக்கிறன். இன்னொண்டு. அண்டைக்கு எயாப்போட்டில பெட்டி நிறை கூடிப்போச்சு எண்ட பதட்டத்தில, நீர் திரும்பிப் பார்த்து "சரியப்பா, போறன்" எண்டுதான் சொல்லிவிட்டுப் போனீர். "போயிட்டு வாறன்" எண்டு சொல்லேல்லை. நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ஆனால் அண்டையிலயிருந்து எனக்கு நெஞ்சுக்குள்ள அது கிடந்து உறுத்துது. இந்தக் கடிதம் கிடைச்ச அண்டைக்குப் பின்னேரம் போன் எடுக்கேக்க பேரனைத் தொட்டிலில கிடத்திப்போட்டு, போனை உம்மட முகத்துக்கு நேரே பிடியும். பிடிச்சுக்கொண்டு ஒருக்கா "வாறன்" எண்டு சொல்லும். சொன்னால் நான் நீர் வாற நாளைக்கு முதல்நாள் கணவாயை எடுத்து வெளியில வைக்கிறன்.